ஏழு கோழில ஒண்ணு மட்டும் மூணு நாளா உப்பிக்கிட்டு மூலைல நிக்குது, என்ன மருந்து கொடுக்கலாம்?

நீங்க கேட்டது என்ன மருந்துன்னு. ஆனா எழுதியிருக்கிறதைப் பார்த்தா உள்ள மூணு கேள்வி இருக்கு. பெங்களூர் ஹொரமாவு வீட்டுக்குப் பின்னாடி ஏழு கோழி, அதுல ரெண்டு வயசு நாட்டுப்பெட்டை ஒண்ணு மூணு நாளா இறகை உப்பிக்கிட்டு ஒதுங்கி நிக்குது, தீனி சரியா எடுக்கல, எச்சம் பச்சையும் வெள்ளையுமா போகுது, கொண்டை வெளுத்துப்போச்சு. மருந்துக்கடைக்காரர் வெள்ளைக்கழிச்சல்னு சொல்லி தண்ணில கலக்கிற பவுடர் ஒண்ணு கொடுத்திருக்கார், மாமியார் பூண்டு மஞ்சள் அரைச்சு உருட்டிக் கொடுக்கச் சொல்றாங்க, பக்கத்து வீட்டுக்காரர் மத்ததுக்கு ஒட்டுறதுக்குள்ள அறுத்துடுங்கன்றார். அப்போ நீங்க உண்மையில கேக்கிறது இது பிழைக்குமா, மத்த ஆறுக்கும் வருமா, பசங்களுக்கு முட்டை கொடுக்கலாமா, இந்த மூணும்தான். அவசரமா பதில் வேண்டியது நடுவுல இருக்கிறதுக்கு. மருந்துப் பேச்சு அதுக்கு அப்புறம்தான் வரணும்.

நான் கால்நடை மருத்துவர். ஆரம்பத்துல நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகள்ல வேலை பார்த்தேன், இப்போ பெங்களூர்ல நாய் பூனைதான் அதிகம், ஆனா லாக்டவுனுக்கு அப்புறம் அட்டைப்பெட்டில கோழியைத் தூக்கிட்டு வர்றவங்க நிறைய ஆயிட்டாங்க. பண்ணைல ஒத்தைக் கோழிக்கு யாரும் வைத்தியம் பண்றதில்ல. சுணங்கின நாலைஞ்சை எடுத்து அறுத்துப் பார்த்து, என்ன நோய்னு முடிவு பண்ணி, மிச்சம் இருக்கிற ஆயிரக்கணக்கான கோழிக்குத் தண்ணில மருந்து ஓட விடுவாங்க. கடையில கிடைக்கிற பவுடர் பாக்கெட் எல்லாமே அந்தக் கணக்குக்குச் செஞ்சது. உங்க வீட்டுல நிலைமை தலைகீழ். நோய் வந்த கோழி தண்ணியே குடிக்கல, அதனால மருந்து அதுக்குப் போகாது, நல்லா இருக்கிற ஆறும் வயிறு முட்டக் குடிச்சு அதுங்க முட்டைலதான் மருந்து ஏறும். அதனால அந்தப் பவுடரை இப்போதைக்கு எடுத்து வச்சிடுங்க.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள செய்ய வேண்டியது, முதல்ல பிரிச்சு வைக்கிறது. பெரிய அட்டைப்பெட்டியோ பழைய நாய்க்கூண்டோ போதும், கீழ பேப்பரை விரிங்க (உமி போட்டா எச்சம் தெரியாது, நமக்கு எச்சத்தைப் பார்க்கணும்), மத்த கோழி இருக்கிற இடத்துல இருந்து தள்ளி, காத்து நேரா அடிக்காத இடமா. கோழிக்கு உடம்புச் சூடு சாதாரணமாவே 41, 42 டிகிரி செல்சியஸ் இருக்கும், தீனி எடுக்காத கோழியால அந்தச் சூட்டைத் தாக்குப்பிடிக்க முடியாது, உப்பிக்கிட்டு நிக்கிறதே சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான். நம்ம ஊரு குளிருல ராத்திரி அது நிறைய சக்தியை இதுக்கே செலவழிச்சிடும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒண்ணைப் பெட்டியோட ஒரு ஓரத்துல மட்டும் தொங்க விடுங்க, அட்டைல படாம, கோழி மூச்சு வாங்குச்சுன்னா நகர்ந்து போக மறுபக்கம் இடம் இருக்கிற மாதிரி. எல்.இ.டி. பல்புல சூடு வராது, அது வேண்டாம். தண்ணி, ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான், தினமும் புதுசா கலக்குங்க. குடிக்கலேன்னா அலகோட பக்கவாட்டுல ஒரு ஒரு சொட்டா விடுங்க, அது தானா முழுங்கும். வாயைப் பிளந்து சிரிஞ்சால பீச்சி அடிக்காதீங்க, கோழிக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாடியே திறந்து கிடக்கும், தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும். நோயால சாகாம இப்படிச் செத்த கோழியை நான் நிறைய பார்த்திருக்கேன். தீனிக்கு வேகவச்ச முட்டை, ஈரமாக்கின லேயர் (முட்டைக்கோழி) தீவனம், குழைஞ்ச சாதம், எதைக் கொத்துதோ அது.

நடுவுல ஒண்ணு, இது அடைக்கு உக்கார்ந்த கோழி இல்லைன்னு உறுதியா? அடைக்கோழியும் உப்பும், தீனிக்கு எழுந்திருக்காது, ஒரே நேரத்துல பெருசா நாத்தமா எச்சம் போடும், புதுசா வளர்க்கிறவங்க பயந்து போய் போன் பண்ணுவாங்க. ஆனா அடைக்கோழி கிட்ட கையைக் கொண்டு போனா சீறும், கொத்தும், அதோட முட்டை போடற இடத்துலதான் உக்காரும். உங்களது மூலைல நிக்குது, கையில எடுத்தா சும்மா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதனால அடை இல்ல. இறகு உதிர்க்கிற சீசன்லயும் கொஞ்சம் சோம்பலா, கொண்டை வெளுப்பா, முட்டை நிறுத்திட்டு இருக்கும், ஆனா அதுவும் தீனியை விடாது.

இப்போ கையை வச்சுப் பார்க்கணும். கோழி இரையாகிற பிராணி, முடிஞ்ச வரைக்கும் நோயை மறைக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியும்போது ஒரு வாரமாவே உள்ள ஏதோ நடந்துட்டிருக்கும், அதனால பார்வையை விட கை நிறைய சொல்லும். நெஞ்செலும்பைத் தடவுங்க. ரெண்டு பக்கமும் சதை இருந்தா நோய் புதுசு, கத்தி மாதிரி எலும்பு மட்டும் தட்டுப்பட்டா இது மூணு நாள் கதை இல்ல, வாரக்கணக்கா எளைச்சுட்டு வந்திருக்கு, இறகு மூடியிருந்ததால தெரியல. அடுத்து தீனிப்பை, கழுத்து முடியற இடத்துல வலது பக்கமா இருக்கும். இதைக் காலைல, தீனி வைக்கிறதுக்கு முன்னாடி பார்க்கணும். ராத்திரி முழுக்க செரிச்சு காலைல காலியா இருக்கணும். காலைலயும் கல்லு மாதிரி இருந்தா நார், புல்லு, பிளாஸ்டிக் ஏதாவது அடைச்சிருக்கு, தண்ணிப்பை மாதிரி தொளதொளன்னு இருந்து வாய்ல புளிச்ச வாடை வந்தா உள்ள பூஞ்சை. யூடியூப்ல கோழியைத் தலைகீழாப் பிடிச்சு வாந்தி எடுக்க வைக்கிறாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, மறுபடியும் அதே மூச்சுக்குழல் பிரச்சனைதான். அடைச்சிருந்தா கொஞ்சம் எண்ணெய் சொட்டு சொட்டா விட்டு மெதுவாப் பிசைஞ்சு விடலாம், ஒரு நாள்ல நகரலேன்னா டாக்டர்தான்.

அப்புறம் வயிறு, ரெண்டு காலுக்கும் நடுவுல. சாதாரணமா மெத்துன்னு தட்டையா இருக்கும். தண்ணி நிரப்பின பலூன் மாதிரி உப்பியிருந்தாலோ, உள்ள உருண்டையா கெட்டியா தட்டுப்பட்டாலோ முட்டை சம்பந்தப்பட்ட விஷயம். வால் பக்கம் தாழ்ந்து, உடம்பு நிமிர்ந்து, அடிக்கடி முக்குதுன்னா முட்டை அடைச்சிருக்கலாம், இதுக்கு மட்டும் நேரம் முக்கியம், ஒரு நாளுக்கு மேல விடக்கூடாது. வெதுவெதுன்னு தண்ணில பின்பாகத்தை இருபது நிமிஷம் வச்சு, துடைச்சு, இருட்டான சூடான இடத்துல விட்டா பல சமயம் தானாப் போட்டுடும். அழுத்தி வெளியே தள்ளப் பார்க்காதீங்க, உள்ள உடைஞ்சா அவ்வளவுதான். முட்டை போடற இடத்தைச் சுத்தி இறகைப் பிரிச்சுப் பாருங்க, பேன் ஓடுதா, இறகு அடித்தண்டுல வெள்ளையா முட்டை ஒட்டியிருக்கா, தோல் மேல கறுப்புத் தூள் மாதிரி ஊறுதான்னு. கொண்டை வெளுத்திருக்குன்னு நீங்க சொன்னதால இது முக்கியம். செல்லுல (ரத்தம் குடிக்கிற பொடிப்பூச்சி) ஒரு வகை பகல்ல கோழி மேலயே இருக்காது, கூண்டுக் கட்டை இடுக்குல ஒளிஞ்சிருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், அதனால ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துட்டுப் போய் கோழி அடையற கட்டையோட அடிப்பக்கம் வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்க, துணில சிவப்பா இழுவினா விஷயம் அதுதான், வைத்தியம் கோழியை விட கூண்டுக்குத்தான் அதிகம் வேணும். கடைசியா வாய்க்குள்ள மஞ்சளா படை இருக்கா, முகம் வீங்கி மூக்குல நாத்தமா சளி இருக்கா, கொண்டைல கறுப்பு மரு மாதிரி இருக்கா பாருங்க. இது ஒவ்வொண்ணும் வேற வேற நோய். மரு இருந்தா அம்மை, கொசு பரப்புறது, நம்ம ஊர்ல மழைக்கு அப்புறம் சகஜம், பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல ஆறிடும்.

எச்சம் பத்தி நீங்க ரொம்பக் கவலைப்படறீங்க. அதுல வெள்ளை இருக்கிறது தப்பே இல்ல, கோழிக்கு மூத்திரம் தனியா கிடையாது, அந்த வெள்ளைதான் அது. நாளுக்கு ரெண்டு மூணு தடவை காப்பிக்கொட்டை நிறத்துல பசை மாதிரி நாத்தமா போடறதும் சாதாரணம். பச்சை வர்றது பெரும்பாலும் தீனி எடுக்கலேன்றதோட அடையாளம், குடல்ல ஒண்ணும் இல்லாம பித்தநீர் மட்டும் வருது. ஆக பச்சையும் வெள்ளையும்னு கேட்டதும் வெள்ளைக்கழிச்சல்னு கடைக்காரர் முடிவு பண்ணது அவசரம். ரத்தம் கலந்து வந்தா அது வேற, ஆனா அந்த ரத்தக்கழிச்சல் குஞ்சுகளுக்குத்தான் அதிகம், ரெண்டு வயசுப் பெட்டைக்கு வர்றது அபூர்வம்.

இனிமே அந்த ரெண்டாவது கேள்வி, மத்த ஆறுக்கும் வருமா. வெள்ளைக்கழிச்சல்னா ராணிக்கெட் நோய், இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்ல 1920கள்ல கண்டுபிடிச்சதால அந்தப் பேரு, வெளிநாட்டுல இதையே நியூகேசில்னு சொல்லுவாங்க. தடுப்பூசி போடாத கூட்டத்துல நுழைஞ்சா ஒண்ணை மட்டும் தொட்டுட்டுப் போகாது. அடுத்தடுத்து சுணங்கும், மூச்சு இழுக்கும், கழுத்து திருகிக்கும், கால் இறக்கை விழுந்துடும், முட்டை திடீர்னு நிக்கும், முழுக் கூட்டமும் போனாலும் ஆச்சரியம் இல்ல. வைரஸ், மருந்து கிடையாது. உங்க வீட்டுல மூணு நாளாகியும் மத்த ஆறும் சுறுசுறுப்பா கிளறிட்டு இருக்குன்றது எனக்கு நல்ல சேதியாப் படுது. ஆனா உடம்புல நுழைஞ்சு வெளிய தெரிய சில சமயம் ரெண்டு வாரம் கூட ஆகும், அதோட போன மாசம் சந்தைல இருந்து ரெண்டு கோழி வாங்கி நேரா கூட்டத்துல விட்டிருக்கீங்க, அதனால ரெண்டு வாரம் தாண்டற வரைக்கும் இல்லவே இல்லன்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ரெண்டாவது கோழி சுணங்கினா அன்னைக்கே இது ஒத்தைக் கோழி விஷயம் இல்லன்னு ஆயிடும்.

பறவைக்காய்ச்சலையும் சொல்லிடறேன், பயமுறுத்த இல்ல. இந்தியால முதல்ல 2006ல மகாராஷ்டிரா நவாபூர்ல வந்தது, பெங்களூருக்கும் புதுசு இல்ல, 2018 ஜனவரில தாசரஹள்ளிப் பக்கம் உறுதியாச்சு. அது வந்தா முந்தின நாள் வரைக்கும் நல்லா இருந்த கோழிங்க ஒண்ணு மேல ஒண்ணா செத்து விழும், தலை வீங்கும், கொண்டையும் தாடியும் நீலம் பாயும். வெளுத்த கொண்டையோட மூணு நாளா நிக்கிற ஒத்தைக் கோழி அந்தப் படத்துக்குப் பொருந்தல. ஆனா ரெண்டு நாளுக்குள்ள ரெண்டு மூணு செத்தா கையால தொடாதீங்க, புதைச்சுட்டு கமுக்கமா இருக்காதீங்க, பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்க, அவங்க சாம்பிள் எடுத்து அனுப்புவாங்க, கடைசி உறுதி போபால்ல இருக்கிற தேசிய ஆய்வுக்கூடத்துல இருந்து வரும். சுத்துவட்டாரக் கோழியை எல்லாம் அழிச்சுடுவாங்கன்ற பயத்துல ஜனங்க மறைக்கிறாங்க, அந்தப் பயம் எனக்குப் புரியுது, ஆனா பசங்க விளையாடற கொல்லைல அதை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாது.

சரி, அப்போ இது என்னதான்? கண்ணால பார்க்காம சொல்றேன், அதனால இது யூகம். ரெண்டு வயசு, ஒண்ணே ஒண்ணு, மெதுவா சுணங்கினது, வெளுத்த கொண்டை. எனக்கு முதல் சந்தேகம் முட்டைப்பாதை, அதாவது மஞ்சள்கரு போக வேண்டிய வழில போகாம வயித்துக்குள்ள விழுந்து சீழ் பிடிக்கிறது. பெட்டைக்கோழிங்க வயசாகி சாகறதுக்கு இது பெரிய காரணம், உங்க தப்பு எதுவும் இல்ல, நோய் மத்ததுக்கு ஒட்டவும் ஒட்டாது. அடுத்தது குடற்புழு, செல்லு, இல்ல ரெண்டும் சேர்ந்து. மண்ணுல மேயற கோழிக்கு மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை புழு மருந்து கொடுக்கணும், நீங்க கொடுத்ததா எழுதல. வயிறு உப்பலா இருந்தா முதல் யூகம், வயிறு ஒட்டிப்போய் நெஞ்செலும்பு குத்துனா ரெண்டாவது. புழுவும் செல்லும்னா நல்லா வாய்ப்பு இருக்கு, ஒரு வாரத்துல கொண்டை மறுபடி சிவக்கும். முட்டைப்பாதைல சீழ்னா, நேராவே சொல்றேன், ஊசி போட்டா சில வாரம் நல்லா இருக்கும், அப்புறம் பெரும்பாலும் திரும்ப வரும்.

ஆன்டிபயாடிக் வேணுமான்றதை வயித்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர் முடிவு பண்ணட்டும், எடையைப் பார்த்து அந்த ஒரு கோழிக்கு மட்டும். கடைல சாதாரணமா கையில கொடுக்கிறது என்ரோஃப்ளாக்ஸசின், அமெரிக்கால 2005லயே கோழிக்குக் கொடுக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, காரணம் மனுஷனுக்கு வேலை செய்ய வேண்டிய மருந்து வேலை செய்யாம போறது. கொலிஸ்டின்னு போட்ட பாக்கெட்டா இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க, நம்ம நாட்டுலயே 2019ல இருந்து கோழி, மாடு மாதிரி சாப்பாட்டுக்கு வளர்க்கிற பிராணிக்கு தடை. முட்டை விஷயம், மருந்து எதுவும் போகாத ஆறு கோழியோட முட்டையை நல்லா வேகவச்சு பசங்க தாராளமா சாப்பிடலாம், ஹாஃப் பாயில் மட்டும் இந்த ரெண்டு வாரம் வேண்டாம். நோய்க்கோழி முட்டை போட்டா தூக்கிப் போடுங்க. மருந்து போன கோழி முட்டையைக் கொதிக்க வச்சாலும் மருந்து போகாது, எத்தனை நாள் தள்ளணும்னு டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. கூண்டைத் தொட்டா பசங்க சோப்பு போட்டுக் கை கழுவணும், இது நோய் இருந்தாலும் இல்லாட்டியும்.

மாமியார் சொன்னதை நான் தள்ள மாட்டேன். சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் அரைச்சு உருட்டிக் கொடுக்கிறதை தமிழ்நாட்டு கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரங்களே மூலிகை வைத்தியமா சொல்லித் தர்றாங்க. சுண்டைக்காய் அளவு உருட்டி ரெண்டு வேளை கொடுத்தா கெடுதல் இல்ல, தீனி கொஞ்சம் எடுக்கும். ஆனா ராணிக்கெட் வந்த கோழியை இது காப்பாத்தும்னு நம்பி உக்கார்ந்திருக்கக் கூடாது, மூச்சு வாங்கற கோழி வாய்ல உருண்டையை அடைக்கவும் கூடாது. இன்னொண்ணு, இந்த ஊர்ல எல்லா வீட்லயும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) தோல் கொட்டை எல்லாம் கொல்லைல போடறாங்க, அது பறவைக்கு விஷம், போடாதீங்க.

பக்கத்து வீட்டுக்காரர் யோசனைல பாதி சரி. தீனியும் தண்ணியும் நின்னு, எழுந்திருக்க முடியாம, மூச்சு வாங்கிக்கிட்டு கிடந்தா அதை இழுத்துட்டே போறது கருணை இல்ல, அப்போ டாக்டர்கிட்ட ஊசி போட்டு முடிக்கிறதுதான் நல்லது, நானும் அதைத்தான் செய்வேன். ஆனா நோய்க்கோழியை அறுத்துக் குழம்பு வைக்காதீங்க, அறுக்கும்போதுதான் ரத்தமும் எச்சமும் கைல, கூண்டுல, மத்த கோழி மேல பரவும். செத்துப்போச்சுன்னா ரெண்டு பாலித்தீன் கவர்ல கட்டி ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல, சாப்பாட்டுப் பொருளை எடுத்துட்டு, வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம், உறைஞ்சுட்டா உள்ள இருக்கிற திசு கெட்டுடும். மறுநாளே ஹெப்பால்ல இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, அங்கயே இருக்கிற கால்நடை உயிரியல் நிறுவனத்துக்கோ கொண்டு போய் போஸ்ட்மார்ட்டம் கேளுங்க, முன்னாடியே ஒரு போன் பண்ணிட்டுப் போங்க. செத்த ஒரு கோழியை அறுத்துப் பார்த்தா மிச்சம் ஆறுக்கும் என்ன செய்யணும்னு தெரிஞ்சுடும், நான் இங்க உக்கார்ந்து எழுதற பத்துப் பாராவை விட அது மேல்.

ராணிக்கெட் தடுப்பூசி இப்போ போடாதீங்க, சுணங்கின கோழி இருக்கிற கூட்டத்துல போடறதில்ல. ரெண்டு வாரம் தாண்டி எல்லாம் தெளிஞ்சா முதல்ல லசோட்டான்ற ராணிக்கெட் தடுப்பு சொட்டு மருந்தைக் கண்ணுலயோ மூக்குலயோ விடலாம். அதே நோய்க்கான ஆர்2பி ஊசி முட்டை போடறதுக்கு முன்னாடி, எட்டு வாரக் குஞ்சுல போட வேண்டியது, முட்டை போட்டுட்டு இருக்கிற பெட்டைக்குப் போட்டா முட்டை குறைஞ்சுடும். சிக்கல் என்னன்னா குப்பி நூறு டோஸ், இருநூறு டோஸ்னுதான் வரும், கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், ஏழு கோழிக்குன்னு தனியா வாங்கறது வீண், அதனால உங்க ஏரியால கோழி வளர்க்கிற நாலைஞ்சு வீட்டைச் சேர்த்து ஒரே ஞாயித்துக்கிழமைல போட்டுடுங்க, குப்பியை ஐஸ்ல வச்சுக் கொண்டு வரணும். இனிமே சந்தைல வாங்கற கோழி எதுவா இருந்தாலும் மூணு வாரம் தனியா, தனித் தண்ணிக் கிண்ணத்தோட.

நாளைக் காலைல தீனி வைக்கிறதுக்கு முன்னாடி தீனிப்பை, நெஞ்செலும்பு, வயிறு மூணையும் தொட்டுப் பார்த்துட்டு, சமையலறைத் தராசுலயோ லக்கேஜ் தராசுலயோ எடையும் போட்டு, கடைசியா எப்போ முட்டை போட்டுச்சு, ஓடு மெல்லிசா இருந்துச்சான்றதையும் சேர்த்து இங்கயே எழுதுங்க. பவுடர் பாக்கெட்டோட பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.